மேட்டுக்குப் பின்னால் நின்ற பாதி

ஜூன் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நம் மாடுகளில் பாதி பிறக்கவே இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீயும் மகனும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் திடமாக இருக்கிறேன்.

மழை பொய்த்து இது இரண்டாவது வருஷம். குளத்தின் அடிமண் ஓடு ஓடாக வெடித்துக் கிடக்கிறது. பிப்ரவரியில் மாடுகள் படுக்க ஆரம்பித்தன. படுத்தது எழவில்லை. அறுபதில் நாற்பத்தொன்று போய்விட்டது. மயிலையும் போய்விட்டாள். போன வருஷம் நீ வந்திருந்தபோது கொடியில் காய்ந்த உன் சால்வையைத் தின்றாளே, அவள்தான்.

வறட்சியில் மாடு இழந்தவர்களுக்கு அவசர நிவாரணம் என்று ரேடியோவில் அறிவித்தார்கள். நான் போய்க் கேட்கவில்லை, அவர்களாகவே அறிவித்தார்கள். இதை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டை மாற்றிக்கொண்டு கால்நடை அலுவலகத்துக்குப் போனேன். நிவாரணப் பிரிவில் இருந்த அதிகாரிக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பெரியவரே, போன வருஷக் கணக்கெடுப்புல உங்ககிட்ட முப்பது மாடு. முப்பதுக்கும் நாங்களே காதுல வில்லை போட்டிருக்கோம். இப்ப நாப்பத்தொண்ணு செத்துப்போச்சுங்கிறீங்க. முப்பதுல நாப்பத்தொண்ணு எப்படிச் சாகும்?"

"முப்பது இல்ல தம்பி, அறுபது."

"முப்பதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்."

"அப்ப பொய் சொன்னீங்களா?"

"பொய் சொல்லல. பாதி சொன்னேன்."

பக்கத்து மேஜைக்காரருக்கு டீ புரையேறிவிட்டது. அவர் இருமி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணக்கெடுக்க யார் வந்தாலும் பாதி மாட்டை மேட்டுக்குப் பின்னால் ஓட்டிவிட்டு மீதிப் பாதியைக் காட்டுவதுதான் அப்பா காலத்திலிருந்து நம் வழக்கம். முழுக் கணக்கு வெளியே போனால் வரி வரும், கண் படும், கேட்டுக்கொண்டு ஆள் வரும். மேய்ச்சல்காரன் எவனும் முழுசாகச் சொன்னதில்லை. அதைச் சொன்னால் அந்தப் பையன், "சரி, உயிரோட இருக்கிற பத்தொம்பதுல ஏழுக்கு வில்லை இல்லையே, அது யாரோட மாடு?" என்கிறான். என் மாட்டை நானே திருடியதுபோல முழித்துக்கொண்டு நின்றேன்.

வில்லை போட்டதில் செத்தது பதினெட்டு. அதற்கு மட்டும் நிவாரணம் தருவார்களாம். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பதினெட்டை வாங்கினால், மீதி இருபத்து மூன்றும் பிறக்கவே இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. தீவன மூட்டையில் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தவன். ஆனாலும் விதிமுறைப் புத்தகத்தை முழுதும் படித்துவிட்டேன். சாட்சி இருந்தால் கணக்கைத் திருத்தலாம் என்று அதில் இருக்கிறது. அன்றைக்கு மேட்டுக்குப் பின்னால் அந்த முப்பது மாட்டோடு நின்றது நீதான். நீ பார்த்ததை எழுதி, அங்கே உள்ள பதிவு அலுவலகத்தில் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். அக்டோபர் கடைசிவரைதான் கெடு.

உடம்பைப் பார்த்துக்கொள். தாமதிக்காமல் பதில் எழுது.

உன் அண்ணன்

ஜூன் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கச்சி வணக்கமாக எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மாடுகளைப் பற்றிப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மயிலை என் சால்வையைத் தின்றபோது நான் அவளைத் திட்டியது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பாதி சால்வை வாயில் தொங்க, ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றாளே.

சாட்சி எழுதித் தருகிறேன் அண்ணா, கொஞ்சம் நாள் கொடுங்கள். அதுவரை அந்தப் பதினெட்டையாவது வாங்கித் தீவனம் போடுங்கள். இருக்கிறவை பிழைக்கட்டும்.

மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு ஒரு யோசனை. வெயில் தணிந்ததும் அங்கே வந்து கொஞ்ச நாள் உங்களோடு இருக்கலாமா என்று பார்க்கிறேன். உங்களுக்குச் சமைத்துப்போட ஆள் இருந்த மாதிரியும் இருக்கும். சும்மா தோன்றியதை எழுதினேன். உங்களுக்கு எப்படித் தோதோ அப்படி.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கச்சி

ஜூலை 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. அனைவரும் நலம் என்று அறிந்து நிம்மதி. மகனுக்கு வெளிநாட்டு வேலை என்றால் நல்லதுதான். கெட்டிக்காரன், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். என் முழங்கால் அதன் இடத்தில் இருக்கிறது.

இங்கே வருவதாக எழுதியிருந்தாய். இங்கே வந்து என்ன செய்வாய்? புல் இல்லை, பால் இல்லை, கிணற்றில் தண்ணீர் மண்ணோடு வருகிறது. காலையில் எழுந்தால் வெறும் பட்டியைப் பார்க்க வேண்டும். மகன் வீட்டில் விசிறிக் காற்றில் இருக்கிறவள் அங்கேயே இரு. உனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. எனக்கு வேண்டியது சமையல் இல்லை, சாட்சி.

மறுபடியும் அலுவலகம் போனேன். சாட்சி வந்தாலும் போதாதாம். 'போன வருஷம் நான் கொடுத்த கணக்கு பொய்' என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்போதுதான் மேட்டுக்குப் பின்னால் கிடக்கும் எலும்புகளை வந்து எண்ணுவார்களாம்.

"ஒரு வார்த்தைதானே பெரியவரே, போட்டுட்டுப் போங்களேன்" என்றான் அந்தப் பையன்.

"ஒரு வார்த்தைதானே, நீ அதை எடுத்துடேன்" என்றேன்.

"எனக்கு அதிகாரம் இல்ல."

"எனக்கு மனசு இல்ல. ரெண்டு பேருக்கும் சரியாப்போச்சு."

பொய்யன் என்று எழுதிக் கொடுத்து ஒரு காசு வாங்க மாட்டேன். மேலதிகாரிக்கு மனு போட்டிருக்கிறேன். அவருக்கு மேலே இருக்கிறவருக்கும் நகல் போயிருக்கிறது.

தீவனத்துக்குக் காளையை விற்றேன். லாரியில் ஏற்றும்போது அது திரும்பிப் பார்த்தது என்று எழுதினால் நீ அழுவாய், அதனால் எழுதவில்லை. சாயங்காலங்களில் ரேடியோவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அது சொல்வது எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்கிறேன். பொழுது போகிறது.

சாட்சியை அனுப்பு. மருமகளுக்கு என் ஆசி.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி உறையின் பின்னால் இருக்கும் விலாசத்துக்கு எழுதுங்கள். மகனும் மருமகளும் போன மாதம் கிளம்பிவிட்டார்கள். அங்கே வீடு அமைந்ததும் என்னை அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை நான் வேறு இடத்தில் இருக்கிறேன். சின்ன அறைதான், ஆனால் ஜன்னல் இருக்கிறது. துணைக்குப் பெண்கள் இருக்கிறார்கள். எப்போதும் வெந்நீர் கிடைக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

சாட்சி எழுதிவிட்டேன். முத்திரைதான் பாக்கி. அந்த அலுவலகம் பகலில் மட்டும்தான் திறந்திருக்கிறது. எனக்குப் பகலில் போகத் தோதுப்படவில்லை. ஒரு நாள் எப்படியாவது போகிறேன்.

நீங்கள் சொன்னது சரிதான். நான் அங்கே வந்து என்ன செய்யப்போகிறேன்?

தங்கச்சி

ஆகஸ்ட் 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நலம் என்றறிந்தேன். நானும் அப்படியே.

பகலில் போகத் தோதுப்படவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் புரியவில்லை. மகன் இல்லை, மருமகள் இல்லை, வடித்துக் கொட்ட வீடு இல்லை. பகல் முழுக்க உனக்கு என்னதான் வேலை? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? ஒரு காகிதத்தில் முத்திரை குத்த ஒரு மாதமா? நாங்கள் இங்கே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டு வைக்கோலாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் என்றால் நானும் மாடுகளும்.

பக்கத்து மேய்ச்சல்காரன் 'மூட்டை' தெரியுமல்லவா? அவனும் பாதிக் கணக்கு சொன்னவன்தான். அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்து நிவாரணத்தை முழுதாக வாங்கிவிட்டான். நேற்று வேலியோரம் வந்து, "அண்ணே, ஒரு கையெழுத்து. வலிக்கவே இல்ல" என்றான்.

"உனக்கு எப்படி வலிக்கும்? உடம்பு முழுக்கத் தோல்தானே" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவன் பட்டியில் இப்போது புதுக் கிடாரிகள் கத்துகின்றன. காற்று இந்தப் பக்கம் அடித்தால் நம்முடையவை பதில் குரல் கொடுக்கின்றன.

சாட்சி வர வேண்டும். நான் வேறு எதுவும் உன்னிடம் கேட்டதில்லை.

உன் அண்ணன்

செப்டம்பர் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

தபால் பெட்டி சாலை முனையில் இருப்பது உனக்குத் தெரியும். தினமும் நடக்கிறேன். நடை முழங்காலுக்கு நல்லது. தபால்காரர் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார். அப்படியும் பெட்டிவரை போய்த் திறந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். அரசாங்கத்தின் ஆளை நம்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மேலும் இரண்டு மாடு போய்விட்டது. நிவாரணத்துக்குக் கணக்கு கொடுத்த பிறகு செத்ததால் இவை எந்தக் கணக்கிலும் இல்லை. ஒன்று காரி. காலையில் போனால் தொட்டியில் தலையை வைத்தபடி கிடந்தாள். தொட்டியில் தண்ணீர் இருந்தது. நான் முந்தின நாளே ஊற்றியிருந்தேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுது. வெறும் காகிதத்தையாவது மடித்து அனுப்பு.

உன் அண்ணன்

செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபம் எதுவும் இல்லை. உங்கள் மேல் எனக்கு என்ன கோபம்? கையெழுத்து வேறாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் சொல்லச் சொல்ல அறையில் இருக்கும் பெண் எழுதுகிறாள். வலது கையில் சின்னச் சூட்டுக் காயம். ஆறிவருகிறது. பரவாயில்லை.

காரியைப் பற்றிக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

கை சரியானதும் முத்திரை வாங்கி அனுப்புகிறேன். அதற்காக யாரையும் இங்கே அனுப்ப வேண்டாம். கட்டாயம் அனுப்ப வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி

(ஐயா, எழுதிக் கொடுப்பவள் இதைச் சேர்க்கிறேன். அம்மா சொன்னதை மட்டும்தான் எழுதினேன். மற்றதை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.)

அக்டோபர் 13

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கப்போவதில்லை. விசாரித்தால் நலம் என்று எழுதுவாய்.

ஹாரனை அனுப்பினேன். தீவன லாரி ஓட்டுகிறவன், வாயைத் திறந்தால் மூடாதவன், அதனால்தான் அந்தப் பெயர். வைக்கோல் ஏற்ற உன் நகரத்துக்குத்தான் போகிறான். உன் விலாசத்தைக் கொடுத்து, சாட்சிக் காகிதத்தை வாங்கி வரச் சொன்னேன். சாட்சி ஒரு சாக்குதான். அந்தப் பெண் எழுதிய 'மற்றது' என்ன என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நேற்று வந்தான். வண்டியை விட்டு இறங்கியவன் பேசவில்லை. ஹாரன் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

"என்னடா?"

"அண்ணே, நீங்க குடுத்த விலாசம் வீடு இல்ல. ஆஸ்பத்திரி."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்குன்னு போகலண்ணே. ஆஸ்பத்திரிக்குப் பின்னால சலவைக்கூடம். அங்க வேலை பாக்குறாங்க. படுக்கை விரிப்பெல்லாம் ஆவி இயந்திரத்துல தேய்க்கிற வேலை. வாசல்ல நின்னு, மாடு வச்சிருக்கிறவரோட தங்கச்சி இருக்காங்களான்னு கேட்டேன். 'ஓ, நம்ம மாட்டுக்காரம்மாவா'ன்னு ஒரு பொண்ணு கூட்டிட்டுப் போனா. எப்பப் பாத்தாலும் மாட்டைப் பத்தியே பேசுவாங்களாம், அதனால அந்தப் பேராம்."

"அறை?"

"அடுக்குக் கட்டில்ணே. ஒரு அறையில எட்டுப் பேரு. அக்காவுக்கு மேல் கட்டில். இந்தக் கையோட ஏணியில ஏறுறாங்க."

"ஜன்னல் இருக்குதா?"

"இருக்கு. தெறக்க முடியாது. அந்தப் பக்கம் கொதிகலன்."

கையைப் பற்றிக் கேட்டேன். தன் கையில் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை இழுத்துக் காட்டினான்.

தங்கச்சி, நம் வீட்டு வழக்கத்தை நான் மறந்துவிட்டேன். நீயும் அந்த அப்பாவின் மகள்தானே. 'சின்ன அறை', 'துணைக்குப் பெண்கள்', 'எப்போதும் வெந்நீர்' என்று பாதியைப் பட்டியில் நிறுத்திக் காட்டிவிட்டு, மீதியை மேட்டுக்குப் பின்னால் ஓட்டிவிட்டாய். அலுவலகத்துப் பையனை ஏமாற்றும் வித்தையை என்னிடமே காட்டினாய். நானும் அவனைப் போலவே காகிதத்தில் இருந்ததை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முழுக் கணக்கு எனக்கு வேண்டும். பாதி வந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

அண்ணன்

அக்டோபர் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதையும் அந்தப் பெண்தான் எழுதுகிறாள். இந்த முறை அவளை நான் தடுக்கவில்லை.

மகன் வீட்டைக் காலி செய்த அன்று என்னிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். அண்ணன் வீட்டுக்கு என்று சொன்னேன். நிம்மதியாகக் கிளம்பினான். உங்கள் ஜூலைக் கடிதம் அதற்கு முந்தின வாரமே வந்துவிட்டது. பெட்டியோடு ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அதை இன்னொரு தடவை படித்தேன். டிக்கெட் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தது. மகன் இன்னும் நான் உங்களோடுதான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனைக் குறை சொல்லாதீர்கள்.

வேலை பகல் முறை. ஒரு நாள் போகாவிட்டால் கட்டிலை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் முத்திரை வாங்கப் போகவில்லை. ஆகஸ்ட் கடைசியில் விரிப்பின் ஓரம் சுருண்டுகொண்டது, இழுக்கப்போனேன், மேல்தட்டு இறங்கிவிட்டது. நான் கத்தியது வார்டுவரை கேட்டதாம். மூன்று விரல் மடங்கவில்லை. மடங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கை ஆறும்வரைதான் கட்டில். அதற்குப் பிறகு இல்லை.

இரவில் இயந்திரம் நின்றதும் ரொம்ப அமைதியாகிவிடுகிறது. ஏழு பேர் மூச்சு விடுவது கேட்கும். ஆனாலும் யாரும் இல்லாத மாதிரி இருக்கும். இதுதான் முழுக் கணக்கு.

இனி உங்களுடையது. ஹாரன் என்னிடமும் வாயை மூடவில்லை. நீங்கள் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறீர்களாம். அடுப்பு பற்ற வைப்பதே இல்லையாம். வீட்டில் படுக்காமல், பதினாறு மாடுகளோடு தொழுவத்திலேயே படுக்கிறீர்களாம். 'அண்ணே ஏன் இங்க படுக்கிறீங்க' என்று அவன் கேட்டதற்கு, 'உள்ள சத்தமே இல்லடா' என்றீர்களாம். நீங்களும் பாதிதான் எழுதினீர்கள் அண்ணா.

சாட்சியை முத்திரையோடு இதில் வைத்திருக்கிறேன். கைக்கட்டோடு போனதால் வரிசையில் முன்னால் விட்டார்கள். அந்த வார்த்தையை எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். உங்களை எனக்குத் தெரியும். நானும் அங்கே வரவில்லை. உங்களுக்கே ஒன்றும் இல்லாத இடத்தில் நான் எப்படி வந்து பாரமாக உட்காருவது?

தங்கச்சி

நவம்பர் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் முழுக் கணக்கு வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பவில்லை. பீரோவில் வைத்திருக்கிறேன்.

கெடு முடிகிற அன்று கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. 'நான் கொடுத்த கணக்கு பொய்' என்று என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது அந்தப் பையன் திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதி முடித்ததும் இன்னொரு காகிதம் கேட்டேன்.

"எதுக்கு பெரியவரே?"

"மேல்மனு. இப்ப எழுதினதுல ஒரு வார்த்தை தப்பு."

"இப்பத்தானே நீங்களே போட்டீங்க!"

"போட்டேன். சரின்னு சொல்லலியே."

சிரித்துக்கொண்டே காகிதம் கொடுத்தான். மோசமான பையன் இல்லை.

நான்கு நாள் கழித்து எலும்பு எண்ண அவனே வந்தான். துணிச் செருப்போடு மேடு ஏறினான், முள் குத்தி நொண்டினான். நானும் நொண்டி, அவனும் நொண்டி, போய்ச் சேர்ந்தோம். அவன் மண்டையோடுகளை எண்ண எண்ண நான் ஒவ்வொன்றும் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். செவலை, மயிலை, மயிலையின் மகள், நெற்றிச்சுட்டி. கொஞ்ச நேரம் கழித்து எண்ணிக்கையை விட்டுவிட்டு நான் சொல்வதையே எழுத ஆரம்பித்துவிட்டான். கடைசியில், "இத்தனையும் வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சு?" என்றான். நான் குனிந்து அவன் காலில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டேன்.

முந்தாநாள் மழை பெய்தது. பெருமழை இல்லை, மண் மணக்கிற அளவு.

'இங்கே வந்து என்ன செய்வாய்' என்று ஜூலையில் கேட்டிருந்தேன். பதிலை நானே கண்டுபிடித்துவிட்டேன். ஒன்றும் செய்ய வேண்டாம். எதிரே உட்கார்ந்திரு. ரேடியோவோடு சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது, அது திருப்பிப் பேசுவதில்லை.

பாரம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தைக்கும் மேல்மனு உண்டு. நேரில் பேசிக்கொள்வோம். இனி நடக்க வேண்டியவற்றையும், யார் செய்ய வேண்டும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். இதில் மாற்றம் இல்லை.

நிவாரணத்தை நாற்பத்தொரு மாட்டுக்கும் இந்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டியது அந்தப் பையன். தருவதாகச் சொல்லியிருக்கிறான். சொன்னது மட்டும் போதாது, அதனால் திங்கள்தோறும் அவன் மேஜை முன்னால் போய் உட்கார வேண்டியது நான்.

'பொய்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு 'பாதி' என்று எழுத வேண்டியது மேலதிகாரி. அவர் ஓய்வு பெற்றுவிட்டால் அடுத்து வருகிறவர்.

வில்லை இல்லாத மாடுகளுக்கு வில்லை போட வேண்டியது கால்நடை மருத்துவர். அவர் வரும்போது எல்லா மாட்டையும் பட்டியிலேயே நிறுத்த வேண்டியது நான்.

உள்ளறையில் அடுக்கிய தீவன மூட்டைகளைத் தொழுவத்துக்கு மாற்றி, கட்டிலைப் போட்டு, ஜன்னலின் துருப்பிடித்த கொக்கியை எடுத்துவிட வேண்டியது நான். கொக்கியை இன்று எடுத்துவிட்டேன். ஜன்னல் திறக்கிறது.

கைக்கட்டை எப்படி மாற்றுவது, எந்தக் களிம்பு போடுவது என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியது உன் டாக்டர். விரல் மடங்குமா என்று அவரைக் கேட்க வேண்டியது நீ. கேட்காமல் வந்தால் நான் அங்கே போய்க் கேட்பேன்.

உன் பெட்டியைக் கட்டிக் கொடுக்க வேண்டியது உனக்காகக் கடிதம் எழுதும் அந்தப் பெண். மேல் கட்டிலிலிருந்து உன்னைப் பத்திரமாக இறக்க வேண்டியதும் அவள்தான். அவளுக்கு விடுமுறை கிடைத்தால் இங்கே வந்து மாடுகளைப் பார்க்க வேண்டும்.

நீ எங்கே இருக்கிறாய் என்று உன் மகனுக்கு உண்மையை எழுத வேண்டியது நான். கடுமையாக எழுத மாட்டேன். பாதிக் கடுமையாக எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை வைக்கோல் ஏற்றிவிட்டு, சலவைக்கூட வாசலில் லாரியை நிறுத்த வேண்டியது ஹாரன். முன் இருக்கையில் மெத்தை போட வேண்டியதும் பள்ளத்தில் மெதுவாக ஓட்ட வேண்டியதும் அவன்தான். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வரலாம். அனுமதி கொடுத்திருக்கிறேன்.

லாரியில் ஏற வேண்டியது நீ.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருக்க வேண்டியதும் நீ.

உன் அண்ணன்